பில் கட்டாமல் விட்டால் நெட் கனெக்‌ஷன் தானாக முடிந்துவிடுமா?

கேள்வி: பென்னாகரம் வாசகர், 2 ஜூலை 2025

வீட்டில் ஃபைபர் நெட் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் லைன் இருக்காது. வேறு கம்பெனிக்கு மாறப் போகிறேன். பழையதை கேன்சல் செய்யச் சொல்லி எத்தனை தடவைதான் போன் போடுவது? பில் கட்டாமல் விட்டால் அவர்களே கட் பண்ணிவிடுவார்கள், அதோடு கணக்கு முடிந்தது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

2 ஜூலை, இரவு 10.40

சரியில்லை. அப்படி விட்டுவிடாதீர்கள்.

நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் எல்லாமே நெட்டை நம்பித்தான் ஓடுகிறது. 2021-லிருந்து இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். இப்போது என் மேஜையில் ஒரு பில் கிடக்கிறது: 4,856 ரூபாய் 46 பைசா. மார்ச் 31-ம் தேதியே திருப்பிக் கொடுத்துவிட்ட இணைப்புக்கு வந்திருக்கிறது.

நாளைக் காலை விவரமாக எழுதுகிறேன். அதுவரை இதை மட்டும் மனதில் வையுங்கள்: லைன் கட் ஆவது வேறு, கணக்கு மூடுவது வேறு.

3 ஜூலை, காலை

பில்லைப் பிரித்து எழுதுகிறேன், உங்களுக்கும் இதே மாதிரி வந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பிளான் மாதம் 599. நோட்டீஸில், பேனரில் எல்லாம் 599 என்றுதான் பெரிதாகப் போடுவார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 706.82. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக்கு 2,120.46. தாமதக் கட்டணம் வரியோடு 118, அது இரண்டு தடவை, 236. கடைசியில் "திருப்பித் தரப்படாத கருவி" என்று ஒரு வரி, அதற்கு 2,500. கூட்டினால் 4,856.46.

அந்தக் கருவியை நான் திருப்பித் தந்தேன். மார்ச் 31 சாயந்திரம் லைன் பார்க்கிற தம்பி கடைக்கு வந்தார். சுவரில் இருந்த ரவுட்டரைக் கழற்றினார், மஞ்சள் நிறச் சின்ன ஃபைபர் ஒயரை விரல்களில் எட்டு போலச் சுற்றி வைத்தார், அடாப்டரைத் தனியாக ஒரு கேரி பேக்கில் போட்டார். "ரசீது எதுவும் தருவீங்களா தம்பி?" என்று கேட்டேன். "ஆபீஸ்ல புக்கு இல்லண்ணா" என்றார். ஜெராக்ஸில் மை சரியாக விழாத ஒரு வேஸ்ட் தாளை எடுத்து, அதன் பின்பக்கம் "ரவுட்டர் 1, அடாப்டர் 1 வாங்கிக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையும் அவரே பார்த்து எழுதினார்.

அந்தத் தாள் எங்கே என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

3 ஜூலை, மதியம்

பென்னாகரம் நண்பர் தன்னுடையது ப்ரீபெய்ட், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியது என்கிறார். அப்படியென்றால் நேற்று நான் பொதுவாகச் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ப்ரீபெய்டில் காசு தீர்ந்ததும் லைன் நிற்கும், மாதா மாதம் பாக்கி ஏறாது. தெருவில் சொல்வது அந்த அளவுக்கு உண்மைதான். ஆனால் ரவுட்டர் கம்பெனியுடையது என்றால் அது உங்கள் பெயரில்தான் இருக்கிறது. டெபாசிட் கட்டியிருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கிறது. கணக்கை முறையாக மூடினால்தான் இரண்டும் தீரும்.

இன்னொன்று, ஆட்டோபே. யுபிஐயில் ஒரு தடவை அனுமதி கொடுத்திருந்தால் ரீசார்ஜ் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வரத்தான் செய்கிறது, மற்ற விளம்பர மெசேஜ்களோடு சேர்ந்து அடியில் போய்விடுகிறது. கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்யலாம். மாறுவதற்கு முந்தைய நாளே அதைச் செய்துவிடுங்கள்.

4 ஜூலை

போஸ்ட்பெய்டில் கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஆள் இருக்கிறார். எதிர்வீட்டுப் பெரியம்மா. மகன் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் அவர் பெயரில் நெட் போட்டார்கள். மகன் ஓசூர் போய்விட்டான். பெரியம்மாவுக்கு நெட் எதற்கு? சுவிட்சை அணைத்துவிட்டார். பில் கட்டாவிட்டால் தானாகக் கட் ஆகிவிடும் என்று மகன் சொல்லியிருக்கிறான்.

சில மாதம் கழித்துப் போன் வர ஆரம்பித்தது. நாளுக்கு நாலு தடவை. ஒருவர் தமிழில் மரியாதையாகப் பேசினார், இன்னொருவர் "சிபில் போயிடும், மகனுக்கு லோன் கிடைக்காது" என்றார். கடைசியில் வாட்ஸ்அப்பில் வக்கீல் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், "இறுதி அறிவிப்பு" என்று சிவப்பு எழுத்தில். போன பிப்ரவரியில் 3,100 ரூபாய் கட்டிவிட்டார். மகளிர் குழுத் தவணைக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது.

வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு தரப்பு வக்கீல் எழுதும் கடிதம். கோர்ட் உத்தரவு இல்லை. அதற்குப் பதில் எழுதலாம், கணக்குக் கேட்கலாம், எந்த மாதத்தில் எத்தனை ஜிபி ஓடியது என்று காட்டச் சொல்லலாம். சுவிட்சே போடாத வீட்டில் என்ன ஓடியிருக்கும்?

5 ஜூலை

என் புகாரின் கதை. ஜூலை 2 காலை வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தேன். மொழி தேர்வு, இணைப்பு எண், கேப்ஷா மாதிரி ஏதோ ஒரு எண், எல்லாம் முடிந்து ஆள் கிடைக்கப் பதினெட்டு நிமிடம். மார்ச்சில் நான் கேன்சல் சொன்னபோது "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது சார்" என்று மட்டும் சொன்னார்கள், எண் எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தத் தடவை டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்காமல் போனை வைக்கவில்லை. அந்த எண் கொடுத்தே ஆக வேண்டும். 2012-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிகளில் அது இருக்கிறது.

இன்று மெசேஜ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." பில் அப்படியே இருக்கிறது. கஸ்டமர் ஆப்பில் நிலை பச்சை நிறத்தில், "தீர்வு" என்று.

கோபம் வந்தது. ஆனால் ஒன்று புரிந்தது. புகார் எண் இருப்பதால்தான் அடுத்த படிக்குப் போக முடிகிறது. மூன்று மாதம் நான் போனில் கத்தியது எதுவும் எங்கும் பதிவாகவில்லை.

7 ஜூலை

அடுத்த படி மேல்முறையீடு. ஒவ்வொரு கம்பெனியும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகாருக்கு வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ, பதிலே வரவில்லையென்றாலோ 30 நாளுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கம்பெனியின் வலைத்தளத்தில் இந்த முகவரி எங்கோ கீழே, சின்ன எழுத்தில் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

பலர் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். டிராய் 1997-ல் வந்த ஒழுங்குமுறை ஆணையம், விதி போடும் இடம். தனி ஆளின் பில் தகராறைக் கூப்பிட்டு விசாரித்துத் தீர்ப்பு சொல்லாது. எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, அதையே நம்பி மேல்முறையீட்டுக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

இன்று ஈமெயில் அனுப்பிவிட்டேன். தமிழில்தான் எழுதினேன். நான் எழுதியது இவ்வளவுதான்: இணைப்பு எண், டாக்கெட் எண், மார்ச் 31-ல் கருவி ஒப்படைத்தது, அதன் பிறகு ஒரு எம்பி கூட ஓடவில்லை என்பது, மூன்று பில்லையும் ரத்து செய்து 1,000 ரூபாய் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது. திட்டி எதுவும் எழுதவில்லை. 39-வது நாள் ஆகஸ்ட் 15.

தாள் கிடைத்துவிட்டது! பஞ்சிங் மெஷின் ஆடாமல் இருக்கக் கடைப் பையன் அதை நாலாக மடித்து அடியில் கொடுத்திருக்கிறான். கையெழுத்து அழியவில்லை. இரண்டு ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன் எடுத்து, ஈமெயிலோடு சேர்த்து அனுப்பினேன்.

9 ஜூலை

காரிமங்கலத்திலிருந்து ஒருவர்: "லைன் இல்லாத நாளுக்கும் முழு மாதக் காசு வாங்குகிறார்களே?" இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு.

2024 ஆகஸ்ட். அதியமான்கோட்டையிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் பாதையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜேசிபி மண்ணைத் தோண்டியதில் ஃபைபர் போனது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு. புகார் கொடுத்ததிலிருந்தே ஐந்து வேலை நாள். அந்த வாரம் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மலையோர ஊர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து கடை வாசலில் நின்றார்கள். என் செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒருவருக்கு முடித்து அடுத்தவருக்கு என்று ராத்திரி பதினொன்றரை வரை ஓட்டினேன். ஒரு பெண்ணுக்குப் புகைப்படம் ஏற்றும்போது மூன்று தடவை நின்றுபோனது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 11.20-க்கு அப்ளிகேஷன் எண் வந்தது. அவள் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஐந்து நாளுக்கு உண்டான பணத்தைக் கழிக்கச் சொன்னேன். "அப்படியெல்லாம் பாலிசி இல்லை" என்றார்கள். நான் நம்பிவிட்டேன். ஐந்து நாளுக்கு உண்டான பணம் கிடைக்க வேண்டியது.

9 ஜூலை, இரவு

மேலே எழுதியது தவறு. ஐந்து நாள் அல்ல, ஏழு நாளுக்கு உண்டான பணம். உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

அப்போது நடப்பில் இருந்தது 2006-ன் பிராட்பேண்ட் தர விதிகள். பழுது மூன்று வேலை நாளைத் தாண்டி ஏழுக்குள் என்றால் ஏழு நாள் கட்டணம் கழிக்க வேண்டும். ஏழைத் தாண்டிப் பதினைந்துக்குள் என்றால் பதினைந்து நாள் கட்டணம். பதினைந்தையும் தாண்டினால் முழு மாதம். என் 599-க்கு ஏழு நாள் என்றால் 139 ரூபாய் 77 பைசா. சின்னத் தொகைதான். ஆனால் அந்தத் தெருவில் எத்தனை வீடு, எத்தனை கடை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2024 அக்டோபர் 1 முதல் செல்போன், லேண்ட்லைன், பிராட்பேண்ட் மூன்றுக்கும் சேர்த்துப் புதிய விதிகள் வந்துவிட்டன. அதிலும் வீட்டு இணைப்பு மூன்று நாளுக்கு மேல் பழுதாகக் கிடந்தால் வாடிக்கையாளருக்கு ஈடு உண்டு, ப்ரீபெய்ட் ஆட்களுக்கும் உண்டு. "பாலிசி இல்லை" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் பழுது என்று அவர்கள் எண்ண வேண்டும் என்றால் நீங்கள் புகார் கொடுத்திருக்க வேண்டும். எல்லோருக்கும்தான் போயிருக்கிறது, யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நான் இரண்டு நாள் சும்மா இருந்தேன். அந்த இரண்டு நாளை எந்தக் கணக்கிலும் காட்ட முடியாமல் போனது.

12 ஜூலை

லைன் பார்க்கிறவர்களைத் திட்டி இங்கே நிறைய வருகிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

அந்த ஆகஸ்டில் ஐந்தாம் நாள் மழைத் தூறலில் தம்பி ஜாயின்ட் அடித்ததைப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். கறுப்பு உறையை உரித்தார். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை. அதன் மேல்பூச்சைச் சின்ன கட்டிங் பிளேயர் போன்ற ஒன்றால் வழித்தார். ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்தார், துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். கிளீவரில் வைத்து முனையை நேராக வெட்டினார். இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடியதும் சின்னத் திரையில் இரண்டு குச்சிகள் எதிரெதிரே தெரிந்தன. மெதுவாக நகர்ந்து நெருங்கின, ஒரு பளிச், ஒன்றாகிவிட்டன. அந்த இழையின் தடிமன் 125 மைக்ரான், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் வழியாகத்தான் எங்கள் தெருவின் எல்லா அப்ளிகேஷனும் போகிறது.

அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு வேலைக்கு இவ்வளவு என்று தரகர் மூலம் வாங்குகிறார். பில் போடுவது அவர் அல்ல. ரசீதுப் புத்தகம் கொடுக்காததும் அவர் குற்றம் இல்லை. அவர் போட்ட கையெழுத்துதான் இன்று எனக்குத் துணை.

அவரிடம் கற்றது ஒன்று: லைன் விட்டு விட்டு வருகிறது என்றால் ஃபைபரில் வரும் ஒளியின் பவர் எவ்வளவு என்று கேளுங்கள். மீட்டரில் மைனஸ் 20, 22 என்று காட்டினால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் ரவுட்டர் தடுமாறும். பென்னாகரம் நண்பரே, வாரத்தில் இரண்டு நாள் போகிறது என்றீர்களே, இதைக் கேட்டுப் பாருங்கள். வளைந்த கேபிளோ அழுக்கான முனையோகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்த கம்பெனியும் அதே கம்பம் வழியாக, அதே தம்பியை வைத்துத்தான் இழுக்கப் போகிறது.

15 ஜூலை

தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் கடைக்கு வந்து சண்டை. 100 எம்பி பிளான் வாங்கியும் டவுன்லோடு 12-க்கு மேல் காட்டவில்லையாம், ஏமாற்றுகிறார்களாம், பில் கட்ட மாட்டாராம். இது ஏமாற்று இல்லை. கம்பெனி சொல்வது மெகாபிட், கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. அவருக்கு முழு வேகம் வந்துகொண்டிருக்கிறது.

நியாயம் நம் பக்கம் இல்லாத இடத்தில் சண்டை போட்டால் நியாயமான புகாரையும் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனால் அவர் பில்லில் வேறொன்று இருந்தது. கேட்காத படச் சேனல் பேக் ஒன்று, முதல் மூன்று மாதம் இலவசம், நாலாவது மாதத்திலிருந்து காசு. அதை அவர் கவனிக்கவே இல்லை. இருவரும் சேர்ந்து புகார் போட்டோம், டாக்கெட் எண் வந்துவிட்டது.

20 ஜூலை

"நுகர்வோர் கோர்ட்டுக்கு டெலிபோன், நெட் வழக்கு போகாது" என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது ஒரு காலத்தில் சரி. 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பழைய தந்திச் சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது, அங்கே போங்கள் என்றது. அதைக் காட்டியே பல வழக்குகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

2022 பிப்ரவரி 16-ல் அது மாறியது. வோடஃபோன் ஐடியா வழக்கு. அகமதாபாத்தில் ஒருவருக்கு மாதம் சராசரி 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்தது. கிரெடிட் கார்டில் ஆட்டோபே. ஒரு மாதம் மட்டும் 24,609 ரூபாய் 51 பைசா என்று வந்தது. அவர் 2014-ல் மாவட்ட மன்றத்துக்குப் போனார். நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது என்று கம்பெனி உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு, விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

விசாரிக்கலாமா கூடாதா என்பதற்கே கிட்டத்தட்ட எட்டு வருஷம். அவர் விடாமல் நின்றதால்தான் பாலக்கோட்டில் இருக்கிற நாம் இன்று தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிகிறது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

13 ஆகஸ்ட்

வந்துவிட்டது. மேல்முறையீட்டில் முடிவு: மூன்று மாத பில், தாமதக் கட்டணம், கருவிக் கட்டணம் எல்லாம் ரத்து. டெபாசிட் 1,000 திருப்பித் தரப்படும். கணக்கு மூடிய தேதி 31.03.2025 என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். 37-வது நாள்.

அந்த ஈமெயிலை பிரிண்ட் எடுத்தேன். கடையில் யாரும் இல்லை. இரண்டு தடவை படித்தேன்.

14 ஆகஸ்ட்

நேற்று நிறையப் பேர் வாழ்த்துச் சொன்னீர்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜூலை 4-ல் பெரியம்மாவைப் பற்றி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்.

"3,100 ரூபாய் கட்டிவிட்டார்" என்று எழுதினேன். கட்டியது நான். அவருக்கு யுபிஐ தெரியாது. பிப்ரவரியில் பணத்தைச் சுருக்குப் பையிலிருந்து எண்ணி என் மேஜையில் வைத்தார், நூறும் ஐம்பதுமாக. "கோர்ட்டுன்னு போட்டிருக்குப்பா, கட்டிடு" என்றார். நான் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். லெட்டர்ஹெட், சிவப்பு எழுத்து. எனக்கும் அது என்னவென்று அன்று தெரியவில்லை. அதில் இருந்த லிங்கில் என் போனிலிருந்து கட்டினேன். ரசீதை பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சேவைக் கட்டணம் 20 ரூபாய் வாங்கினேன்.

எனக்கு வந்தபோது 39 நாள், 30 நாள் என்று எல்லாம் தேடிப் படித்தேன். அவருக்கு வந்தபோது ஐந்து நிமிடத்தில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். கடைக்கு வருகிறவர்கள் நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் வருகிறார்கள். கட்டச் சொன்னார், கட்டினேன் என்று என்னால் இருக்க முடியவில்லை. எந்த மாதத்துக்கான பில் என்றாவது கேட்டிருக்க வேண்டும்.

15 ஆகஸ்ட்

காலையில் கொடியேற்றம் முடிந்ததும் பெரியம்மா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். 20 ரூபாயை வைத்தேன். அவர் எடுக்கவில்லை. "நீ என்னப்பா பண்ணுவ. நானும் பயந்தேன், நீயும் பயந்துட்ட" என்றார். பிறகு உள்ளே போய், காலண்டருக்குப் பின்னால் ஆணியில் குத்தி வைத்திருந்த ரசீதை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததுதான். மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது, எழுத்து தெளிவாக இருக்கிறது.

30 ஆகஸ்ட்

பெரியம்மா விஷயத்தில் இந்த இரண்டு வாரத்தில் செய்தது.

முதலில் 1915-க்கு அடித்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள், கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனியின் பதில்: வாடிக்கையாளர் தானே விருப்பப்பட்டுக் கட்டியது, திருப்பித் தர இயலாது.

சரி என்று மாவட்ட ஆணையத்துக்குப் போக முடிவெடுத்தோம். பலருக்குத் தெரியாத சில விஷயங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இந்த வருஷம் ஜனவரியிலிருந்து இ-ஜாக்ருதி என்ற தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், அதற்கு முன் இ-தாக்கில் என்று இருந்தது.

மனு பெரியம்மா பெயரில். மகன் ஓசூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். அவன்தான் பயன்பாட்டு விவரத்தை ஆப்பிலிருந்து எடுத்தான். அவன் ஊரை விட்டுப் போன மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் பூஜ்யம். அந்தப் பக்கம்தான் முதல் ஆவணம். இரண்டாவது ரசீது. மூன்றாவது அந்த வாட்ஸ்அப் கடிதம். நான்காவது, பணத்தை என் போனிலிருந்து கட்டியது நான்தான், அவர் பயந்துபோய்க் கொடுத்தார் என்று நான் கையெழுத்துப் போட்ட தாள்.

3,100-ம், மன உளைச்சலுக்கு 5,000-ம் கேட்டிருக்கிறோம். 5,000 அதிகமா என்று பெரியம்மா கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இணைப்பை மூடச் சொல்லி அவர்கள் எழுத்தில் கேட்கவில்லை. கம்பெனி அதைத்தான் பிடிக்கும். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்பார்கள். அதில் அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் கட்டாத மாதத்திலேயே லைனை நிறுத்திவிட்டு, நிறுத்திய லைனுக்கு அடுத்தடுத்த மாதங்களும் பில் போட்டது எந்த நியாயம் என்பதுதான் எங்கள் கேள்வி. மனுவிலும் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

2 செப்டம்பர்

பென்னாகரம் நண்பர் மூடச் சொல்லி ஈமெயில் அனுப்பி, டாக்கெட் எண் வாங்கி, திருப்பிக் கொடுப்பதற்காக ரவுட்டரைப் போட்டோவும் எடுத்துவிட்டாராம். சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி எடுத்தீர்களா? இல்லையென்றால் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரையாவது எடுத்து வையுங்கள்.

பவர் கேட்கச் சொன்னதற்கு என்னிடம் நன்றி சொன்னார். மைனஸ் 28 காட்டியதாம். கனெக்டரைத் துடைத்து மாட்டியதும் 21-க்கு வந்ததாம். இனி மாற வேண்டுமா என்று யோசிக்கிறாராம். அது உங்கள் விருப்பம்.

18 செப்டம்பர்

பெரியம்மாவின் மனுவை ஆணையம் ஏற்றுக்கொண்டு கம்பெனிக்கு நோட்டீஸ் போட்டிருக்கிறது. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாளில் பதில் போட வேண்டும், அதற்கு மேல் கூடுதலாக 15 நாள்தான்.

தக்காளி மண்டி நண்பருக்கு நாலு மாத படச் சேனல் காசு அடுத்த பில்லில் கழிந்துவிட்டது. அவர் ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனார். பாதியைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

11 அக்டோபர்

என் டெபாசிட் 1,000 இன்று வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. இரண்டு தடவை நினைவூட்டல் அனுப்பிய பிறகு.

கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "நெட், செல்போன், லோன் சம்பந்தமாக வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் கட்டுவதற்கு முன் காட்டவும். படித்துச் சொல்லக் கட்டணம் இல்லை." இந்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்கு உண்மையிலேயே பாக்கி இருந்தது, கட்டிவிடச் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் கணக்குக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

பெரியம்மா வழக்கில் கம்பெனி இன்னும் பதில் போடவில்லை. 30 நாள் முடிய இன்னும் சில நாள் இருக்கிறது. வீடியோவில் ஆஜராகலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்பா, நேர்லயே போலாம். பஸ்ஸுல தருமபுரி எவ்ளோ தூரம்" என்கிறார். வாய்தா தேதி வந்ததும் எழுதுகிறேன்.